குத்தினால்தான் மூச்சு வரும்

எங்கள் ஒலக்கூர்ப் பெரியம்மா 34 வருஷமாகப் பெரியப்பாவைக் குத்திக்கொண்டிருந்தாள். தினமும் ராத்திரி, ஒரு ராத்திரிக்கு முப்பது நாற்பது தடவை. ஆயுதம், பனையோலை விசிறியின் காம்பு. இடம், பனியன் மேலேறிப்போய்த் தொப்பை வெளிக்காற்று வாங்கும் விலாப்பக்கம். நேரம், குறட்டை நிற்கும் நேரம். விடும் நேரமல்ல, நிற்கும் நேரம். மற்ற வீட்டுப் பெண்களிலிருந்து பெரியம்மா வேறுபட்டது இங்கேதான்.

கோடை லீவில் மொட்டை மாடியில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் எங்களுக்கு அந்தக் கச்சேரி மனப்பாடம். முதலில் அடக்கமாக ஓர் ஆலாபனை. அப்புறம் ஏறி ஏறி, திண்டிவனம் பக்கம் போகிற கூட்ஸ் வண்டியை அமுக்கும் அளவுக்கு வரும். கூட்ஸாவது ஒலக்கூர் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விடும். பெரியப்பா போகமாட்டார். திடீரென்று கத்தரித்த மாதிரி நிற்கும். வாய் திறந்தபடி, மார்பு எம்பும், வயிறு உள்ளே இழுக்கும், காற்று மட்டும் போகாது. பெரியம்மா இருட்டில் எழுந்து உட்கார்ந்து வாய்க்குள் எண்ணுவாள். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. பதினைந்துக்கு மேல் அவளுக்குப் பொறுமை கிடையாது. ஒரே குத்து. ஏரியில் முங்கின எருமை தலை தூக்குகிற மாதிரி ஒரு செருமல், ஒரு புரளல், மறுபடி ஆலாபனை.

“கொறட்ட விட்டா என்னாடா, விட்டுட்டுப் போறாரு. நின்னாத்தான்டா பயம்” என்பாள்.

பகலில் பெரியப்பா உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினார். பெண் அவருடைய தங்கை மகனுக்கு. பெண் வீட்டார் “மாப்ளையோட மாமா இப்பிடின்னா மாப்ள எப்பிடியோ” என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருமுறை டிவிஎஸ் 50-ஐ ஓட்டிக்கொண்டே தூங்கி, ரோட்டிலிருந்து இறங்கி, யாருடைய மல்லாட்டைக் கொல்லையிலோ போய் நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவரும் ஓடிக்கொண்டிருந்தார், கனவில். ஊர் அவருக்குச் சோம்பேறிப் பட்டம் கொடுத்தது. 102 கிலோ மனிதர் நடுப்பகலில் தூங்கினால் வேறென்ன பட்டம் கொடுக்கும்?

இந்தக் குத்து வைத்தியத்தைப் பெரியம்மாதான் கண்டுபிடித்தாள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு 2,300 வருஷம் முந்தியே கருங்கடல் ஓரத்தில் இதே வேலைக்கு ஆள் போட்டிருந்தார்கள் என்று.

ஹெராக்ளியா என்று ஓர் ஊர், இன்றைய துருக்கியில். அலெக்ஸாண்டர் காலத்தில் அதை ஆண்டவர் டயோனீசியஸ். தின்று தின்று உடம்பு பெருத்து, மூச்சுத் திணறி, படுத்தால் எழுப்பவே முடியாத தூக்கத்துக்குப் போய்விட்டார். வைத்தியர்கள் கூடிப் பேசினார்கள். மெல்லிய நீள ஊசிகள் செய்யச் சொன்னார்கள். மன்னர் ஆழ்ந்து தூங்கினால் விலாவிலும் வயிற்றிலும் அந்த ஊசியை இறக்க வேண்டும். கொழுப்புக்குள் போகிறவரை மன்னருக்கு ஒன்றும் தெரியாது. கொழுப்பு முடிந்து சதை ஆரம்பிக்கிற இடத்தில் சுருக்கென்று படும், விழித்துக்கொள்வார். ஏதெனேயஸ் என்கிற கிரேக்கர் இதைத் தன் புத்தகத்தில் சிரிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் உலகின் முதல் ஸ்கேன் இதுதான். ஊசி எத்தனை தூரம் போனபின் மன்னர் கத்துகிறாரோ, அத்தனை தடிமன் கொழுப்பு.

டயோனீசியஸுக்கு வெட்கமும் இருந்தது. வழக்கு விசாரிக்க உட்காரும்போது முன்னால் ஒரு பெட்டியை வைத்து உடம்பை மறைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் காட்டிப் பேசுவாராம். வீடியோ மீட்டிங் வருவதற்கு 23 நூற்றாண்டு முன்பே அதன் முழுப் பயனையும் அனுபவித்தவர். 55 வயதுவரை இருந்தார், அதில் 33 வருஷம் ஆட்சி. தூங்கிக்கொண்டே 33 வருஷம் ஆளலாம் என்பதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை.

என் கவலையெல்லாம் அந்த ஊசிக்காரனைப் பற்றித்தான். மன்னரைக் கண்காணிக்க ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். கொஞ்சம் கூடக் குத்தினால் ராஜத்துரோகம், கொஞ்சம் குறையக் குத்தினால் மன்னர் மரணம். எங்கள் பெரியம்மாவுக்கு அந்த உத்தியோகத்தைக் கொடுத்திருந்தால் ஹெராக்ளியா இன்னும் பத்து வருஷம் தாங்கியிருக்கும்.

நம் பக்கத்துப் பேஷண்ட் கும்பகர்ணன். ஊர் பெரியப்பாவுக்கு வைத்த பேரும் அதுதான். பீதியும் பொறாமையுமாக இருந்த தேவர்கள் சரஸ்வதியைப் பிடித்து அவன் நாக்கில் உட்கார வைத்தார்கள். இந்திராசனம் கேட்க வந்தவன் நாக்கு புரண்டு நித்திராசனம் என்று கேட்டுவிட்டான் என்று ஒரு கதை. ஆறு மாசத் தூக்கம் அப்படித்தான் வந்ததாம். யுத்தத்துக்கு எழுப்பப் போனவர்கள் பட்ட பாடு வால்மீகியில் இருக்கிறது. பேரிகை அடித்தார்கள், தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள், காதைக் கடித்தார்கள், யானையை மேலே ஏறி நடக்க விட்டார்கள். அவன் விடுகிற மூச்சே எதிரில் நிற்க விடாமல் அவர்களைத் தள்ளியது. பரிசோதனைக் கருவி இல்லாத காலத்தில் இதைவிடத் தெளிவாக ஒரு கேஸ் ஷீட் எழுத முடியாது.

அந்த நாக்குக் கதையை நான் லேசாக விட்டுவிட மாட்டேன். குற்றவாளி நாக்குதான் என்று இப்போது ஆஸ்பத்திரிக்காரர்களே சொல்கிறார்கள். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். நாக்கு பின்னால் சரியும். தொண்டை ஏற்கெனவே குறுகலாக இருந்தால் வழி அடைபடும். மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்பும், காற்று போகும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. உடம்பு பெருக்கும்போது நாக்கிலும் கொழுப்பு ஏறுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த சேதி. “நாக்குல கொழுப்பு” என்று எங்கள் ஊரில் வாய்த்துடுக்கான பையன்களைத் திட்டுவார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 67 பேரை எடை குறைக்க வைத்து, முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2020-ல் வெளிவந்தது. உடம்பு பத்து சதவீதம் இளைத்ததில் மூச்சடைப்பு ஏறக்குறைய 31 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குப் பெரும் காரணம், நாக்கு இளைத்தது. சரஸ்வதி உட்கார்ந்த இடம் சரியான இடம்தான்.

பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் ஒரு சாஞ்சோ. லியோன் நாட்டு ராஜா, பட்டப்பெயரே ‘குண்டன்’. குதிரை ஏற முடியாத ராஜா எதற்கு என்று பிரபுக்கள் 958-ல் அவரைத் துரத்திவிட்டார்கள். அவருடைய ஆயா தோதா, நவார் நாட்டு ராணி, பேரனை விடவில்லை. எதிரி மதம், எதிரி ராஜ்ஜியம் என்று பார்க்காமல் கொர்தோபாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கலீபாவிடம் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்கிற யூத வைத்தியர். பத்துக் கோட்டையைக் கொடுங்கள், பேரனை இளைக்க வைத்துத் தருகிறோம் என்று பேரம். நம் ஊரில் ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுப் போகாமல் இருப்பவர்கள் இந்தத் தொகையைப் பார்த்து ஆறுதல் அடையலாம். உதட்டைத் தைத்துவிட்டுக் கஷாயம் மட்டும் ஊற்றினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. எப்படியோ சாஞ்சோ இளைத்தார், குதிரை ஏறினார், அரியணையையும் பிடித்தார். 966-ல் யாரோ கொடுத்த விஷ ஆப்பிளைத் தின்று செத்துப்போனார் என்கிறார்கள். அத்தனை பத்தியம் இருந்தவர், கடைசியில் பழம் தின்று போனார்.

ஆனால் இந்தக் கதையின் உண்மையான கதாநாயகன், என் கணக்கில், லண்டனில் சவப்பெட்டி செய்துகொண்டிருந்த வில்லியம் பேன்டிங்தான். அரச குடும்பத்துக்கே இறுதிச் சடங்கு நடத்திக்கொடுத்த கம்பெனி. மனிதர் ஐந்தடி ஐந்தங்குலம், 202 பவுண்டு, அதாவது 92 கிலோ சுமார். குனிந்து செருப்பு வாரைக் கட்ட முடியாது. மாடிப்படி இறங்கும்போது முட்டி தாங்காது என்று பின்பக்கமாகத் திரும்பி இறங்குவார். பிறருக்குப் பெட்டி அளவெடுக்கிறவர், தன் பெட்டிக்கு எத்தனை பலகை ஆகும் என்று யோசிக்காமல் இருந்திருப்பாரா? படகு துழாவினார், நீராவிக் குளியல் போட்டார், பசிதான் கூடியது. கடைசியில் 1862-ல் காது கேட்கவில்லை என்று ஒரு காது வைத்தியரிடம் போனார்.

அந்தக் காது வைத்தியர் வில்லியம் ஹார்வி. அவர் பாரிஸ் போய் க்ளோட் பெர்னார் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்தவர். சர்க்கரையும் மாவும் குறைத்தால் சர்க்கரை வியாதிக்காரனுக்கு நல்லதென்றால், இந்தக் குண்டு மனிதருக்கும் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. காதுக்குள் கொழுப்பு அமுக்குகிறது என்று சொல்லி ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தினார். ஒரு வருஷத்தில் பேன்டிங் 46 பவுண்டு இறங்கினார், காதும் கேட்டது. சந்தோஷத்தில் 1863-ல் தானே ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து ஊருக்கு இலவசமாகக் கொடுத்தார். அது பறந்தது. பத்தியம் இருப்பதற்கே ஆங்கிலத்தில் ‘பேன்டிங்’ என்று பேர் வந்துவிட்டது; ஸ்வீடன்காரர்கள் இன்றைக்கும் ‘பான்டா’ என்றுதான் சொல்கிறார்கள். அறுபது வருஷம் கழித்து இன்சுலினைக் கண்டெடுத்த ஃப்ரெடரிக் பேன்டிங் இவருக்குத் தூரத்துச் சொந்தம்.

சர்க்கரை நோய்க்கு வைத்திருந்த வைத்தியத்தை எடுத்து எடைக்குக் கொடுத்து, அதனால் காது மூக்கு தொண்டைச் சமாச்சாரம் சரியானது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 2024-ல் பெரிய பெரிய டாக்டர்கள் இதையேதான் புதிதாகச் செய்து காட்டப்போகிறார்கள்.

அதே லண்டனில், இதற்கெல்லாம் முன்பு 1836-ல், இருபத்துநான்கு வயது சார்லஸ் டிக்கன்ஸ் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ தொடர்கதையில் ஜோ என்று ஒரு தடிப் பையனை வேலைக்கு வைத்தார். அவன் நின்றுகொண்டே தூங்குவான், பரிமாறிக்கொண்டே குறட்டை விடுவான், எழுப்பினால் தின்பான். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நூற்றிருபது வருஷம் சிரித்தபிறகு 1956-ல் அமெரிக்காவில் பர்வெல் என்கிற டாக்டரும் கூட்டாளிகளும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதி, நோய்க்கு ‘பிக்விக்கியன் சிண்ட்ரோம்’ என்று பேர் வைத்தார்கள். நோயாளி 51 வயது வியாபாரி, 263 பவுண்டு. சீட்டாட்டத்தில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா கையில் விழுந்திருக்கிறது. அந்தச் சீட்டோடு அப்படியே தூங்கிப்போய்விட்டார். நெஞ்சு படபடத்திருந்தாலோ கால் வீங்கியிருந்தாலோ பொறுத்திருப்பார். அந்த ஆட்டம் போனதும் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். கையில் வந்த அதிர்ஷ்டத்தைத் தூக்கத்தில் விடுவது என்பதை அவர் மாதிரி யாரும் செய்ததில்லை. பட்டினி போட்டார்கள், இளைத்தார், தெளிந்தார்.

அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட்டும் 1909-லிருந்து 1913 வரை கூட்டத்துக்குக் கூட்டம் தூங்கினவர்தான். பதவி போனபின் எடை குறைத்தார், தூக்கமும் போய்விட்டது. அந்த ஊர்க்காரர்கள் அதற்காகவாவது அவருக்கு மறுபடி ஓட்டுப் போட்டிருக்கலாம்.

இத்தனை நூற்றாண்டுகளில் ஒருவருக்கும் தோன்றாதது, தூங்குகிற ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை அளப்பது. 1965-ல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியாக அதைச் செய்தார்கள். ஒலக்கூரில் மொட்டை மாடியில் நடந்த அதே வேலை, வயர் மட்டும் அதிகம். தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று தெரிந்ததும் வந்த முதல் வைத்தியம், கழுத்தில் ஓட்டை போடுவது. தொண்டை அடைத்தால் தொண்டைக்குக் கீழே கதவு வைத்துவிடுவது. 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்கிற டாக்டரிடம் அப்படி ஓட்டை போட இருந்த ஒரு நோயாளி வந்தார். அவருக்குப் பதிலாக வீடு பெருக்குகிற வாக்குவம் கிளீனர் மோட்டாரை எடுத்து, உறிஞ்சுவதற்குப் பதில் ஊதவைத்து, மூக்கில் முகமூடியை ஒட்டிக் காற்றைத் தள்ளினார் சல்லிவன். காற்றே தொண்டையை விரித்துப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். சிபாப் மெஷின் பிறந்த கதை அது. இன்றைக்கும் பெரிய சிகிச்சை அதுதான்.

எங்கள் வீட்டுக்கு அந்த மெஷின் வந்தது 2022-ல், பப்பி லஹிரி புண்ணியத்தில். பிப்ரவரியில் அந்த இசையமைப்பாளர் 69 வயதில் போனபோது, தூக்க மூச்சடைப்பு என்று ஆஸ்பத்திரி சொன்னதை எல்லா டிவியும் போட்டது. பெரியம்மா செய்தியை ஒருமுறை பார்த்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரியப்பா சென்னை பஸ்ஸில் இருந்தார்.

பரிசோதனை அன்று அவர் நெற்றியில், தாடையில், மார்பில், காலில் வயர் ஒட்டினார்கள். மூக்கில் ஒரு குழாய், விரல் நுனியில் ஒரு கிளிப்பு. “கரண்டு வச்சுருவாங்களா?” என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் கணக்கு வந்தது: மணிக்கு 47 தடவை. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோ ஒரு தடவை. ஐந்துக்குள் இருந்தால் பரவாயில்லை, முப்பதுக்கு மேல் போனால் கடுமை. இதையெல்லாம் கம்ப்யூட்டரில் கோடு கோடாகக் காட்டிய இளம் டாக்டரிடம் பெரியம்மா கேட்டாள்:

“நாப்பத்தேழுன்னு சொல்ல இத்தினி வயரு எதுக்குப்பா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே.”

“நீங்க எண்ணியிருக்கீங்களாம்மா?”

“முப்பத்தஞ்சு நாப்பது வரைக்கும் எண்ணுவேன். அப்புறம் எனக்கும் கண்ணு சொக்கிரும்.”

அந்த டாக்டர் நல்ல பையன். ஒல்லியானவர்களுக்கும் இது வரும், தாடை சின்னதாக இருந்தால் போதும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வாய்ப்பு கூடும் என்றெல்லாம் சொன்னார். நாங்கள் தொப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம், காதில் வாங்கவில்லை.

மெஷின் ஒரு நல்ல கறவை மாட்டு விலை. மாடாவது பால் கொடுக்கும் என்றார் பெரியப்பா. மூக்கிலிருந்து குழாய் தொங்க அவர் கட்டிலில் உட்கார்ந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுக் குழந்தை “பிள்ளையார், பிள்ளையார்” என்று கை கூப்பியது. போட்டுக்கொண்ட ராத்திரிகளில் உண்மையிலேயே சத்தமில்லை. ஆனால் கரண்ட் போனால் மெஷினும் போகும், ஆளும் திணறி எழுந்து முகமூடியைப் பிடுங்கி எறிவார். மூக்கு காய்ந்தது, கன்னத்தில் தடம் விழுந்தது, கல்யாண வீடு, திருவிழா என்று வெளியூர் போனால் எடுத்துப்போக வெட்கம். ஆறு மாசத்தில் மெஷின் பீரோ மேல் ஏறிவிட்டது. பெரியம்மா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து விசிறியை மறுபடி எடுத்தாள்.

இதற்கிடையே பெரியப்பாவுக்குச் சர்க்கரையும் வந்து சேர்ந்திருந்தது. வராமல் இருந்தால்தான் அதிசயம். நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023-ல் ஐசிஎம்ஆர் கணக்கு வெளியிட்டது. எங்கள் மாவட்டத்திலோ சர்க்கரை ஆலையும் முண்டியம்பாக்கத்தில், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் முண்டியம்பாக்கத்தில். உற்பத்தியும் பழுதுபார்ப்பும் ஒரே ஊரில் வைத்த திட்டக்காரர் யாரோ, அவரைக் கும்பிட வேண்டும். சென்னை ஸ்டான்லியில் 1948-லேயே டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கிவிட்டார். நாங்கள்தான் ஆவாரம்பூக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, அது கசக்கிறதே என்று மேலே ஒரு லட்டு சாப்பிடுகிற ஜனங்கள்.

இனி ஒரு பல்லி வரும். அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்று ஒரு விஷப் பல்லி, நம் உடும்புக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ஒருசில தடவைதான் தின்னும். நியூயார்க்கில் ஜான் எங் என்கிற டாக்டர் அதன் விஷத்தில் ஒரு பொருளைக் கண்டுபிடித்து 1992-ல் எழுதினார். நாம் சாப்பிட்டதும் நம் குடல் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது; கணையத்திடம் “இன்சுலின் விடு”, இரைப்பையிடம் “மெதுவாகப் போ”, மூளையிடம் “போதும்” என்று அது சொல்லும். பாவம், இரண்டே நிமிஷத்தில் உடம்பு அதை அழித்துவிடும். கல்யாணப் பந்தியில் “போதும் போதும்” என்று நாம் சொல்வதற்குள் அத்தை இன்னொரு கரண்டி வைத்துவிடுகிற கதைதான். பல்லியின் சரக்கு அதே பேச்சைப் பேசியது, ஆனால் மணிக்கணக்காகத் தாக்குப்பிடித்தது. 2005-ல் அது சர்க்கரை மருந்தாக வந்தது. பல்லி விழும் பலனில் இப்படியொரு பலன் எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டதில்லை.

பின்னால் வந்தவை பல்லியிலிருந்து வரவில்லை. நம் ஹார்மோனையே பழுது பார்த்து, வாரம் முழுக்க நிற்கிற மாதிரி செய்தார்கள். செமாகுளுட்டைடு அப்படித்தான் வந்தது. டிர்செபடைடு இரண்டு ஹார்மோன் வேலையைச் சேர்த்துச் செய்கிறது. சர்க்கரைக்குக் கொடுத்தார்கள், எடை குறைந்தது. எடைக்குக் கொடுத்தார்கள், பக்கத்தில் படுத்தவர்கள் “இப்பல்லாம் சத்தமே இல்லையே” என்றார்கள்.

பிறகு முறையாகச் சோதித்தார்கள். இதே வகை மருந்தான லிராகுளுட்டைடை வைத்து 2016-ல் ஒரு முயற்சி வெளிவந்தது. மூச்சடைப்பு மணிக்கு 12 குறைந்தது, மருந்தில்லாத வெறும் ஊசிக்கு 6. சுமார்தான். 2024 ஜூனில் வந்த டிர்செபடைடு ஆய்வுதான் பேச வைத்தது. அதுல் மல்ஹோத்ரா என்கிற டாக்டர் முன்னின்று நடத்தினது. 469 பேர், 52 வாரம். ஆரம்பத்தில் மணிக்கு ஐம்பது தடவை சுமார் மூச்சு நின்றவர்கள், நம் பெரியப்பா ரகம். மருந்து போட்டவர்களுக்கு 25-லிருந்து 29 தடவை குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு ஐந்து. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சர்க்கரை மருந்தின் ஆய்வில் சர்க்கரைக்காரர்களைச் சேர்க்கவே இல்லை. அதே டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை, உடல்பருமனோடு மூச்சடைப்பும் இருப்பவர்களுக்கு என்று அனுமதி கொடுத்தது. அந்த நோய்க்கென்று வந்த முதல் மருந்து. காது டாக்டர் ஹார்வி மேலே இருந்து பார்த்து, “உருளைக்கிழங்கை நிறுத்துங்கள் என்று சொன்னதற்கு எனக்கு யாரும் இத்தனை காசு கொடுக்கவில்லையே” என்று நினைத்திருப்பார்.

காசு சாதாரணமில்லை. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பேரில் இந்தியாவுக்கு வந்தபோது மிகச் சின்ன டோஸ் ஒரு குப்பி 3,500 ரூபாய், வாரத்துக்கு ஒன்று. மாசம் 14,000. பெரியப்பாவின் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மூட்டை மல்லாட்டை. “வாரம் அர மூட்ட மல்லாட்டையத் தொப்புள் பக்கத்துல குத்திக்கணும், அதானே?” என்றார். சென்னையில் இருக்கிற மகன் பணம் கட்டினான். டாக்டர் எழுதிக்கொடுத்தது சர்க்கரைக்கும் எடைக்கும். குறட்டை அதில் ஒட்டிக்கொண்டு வந்த பயணி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊசி என்று வைத்தார்கள். போடுகிறவள் பெரியம்மா. முதல் நாள் நான் இருந்தேன். பெரியப்பா பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவள் தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, பஞ்சால் துடைத்து, கொழுப்பை ஒரு கிள்ளு கிள்ளி, கண்ணிமைக்கிற நேரத்தில் குத்தி எடுத்துவிட்டாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்த விதத்தைவிடச் சுத்தமாக இருந்தது. 34 வருஷப் பயிற்சி, அதே இடம். டயோனீசியஸின் ஊசி கொழுப்பைத் தாண்டிப் போனால்தான் வேலை செய்யும். இந்த ஊசி கொழுப்பிலேயே நின்றால்தான் வேலை. 2,300 வருஷத்தில் வைத்தியம் முன்னேறியது ஓர் அங்குலம், அதுவும் பின்னோக்கி.

முதல் மாசம் குமட்டல், ஏப்பம், ரெண்டு நாள் வாந்தி, அப்புறம் மலச்சிக்கல். ஆறு தோசைக்காரர் ஒன்றரை தோசையில் தட்டைத் தள்ளினார். பெரியம்மா முகம் தொங்கிப்போனது. “என் கை ருசி போயிருச்சு போல” என்று நாத்தனாரிடம் போனில் அழுதாள். குடல் மூளையிடம் பேசுகிறது என்பதை அவளுக்கு விளக்க முயன்றேன். “என்கிட்டப் பேசாம மூளகிட்டப் பேசினா ஆச்சா?” என்றாள். பிரியாணி செய்த அன்று மட்டும் பெரியப்பா ஊசியை ஒரு நாள் தள்ளிப் போடலாமா என்று டாக்டருக்குப் போன் செய்து திட்டு வாங்கினார். நிறுத்தினால் இறங்கின எடை ஏணி வைத்து ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆய்விலேயே எல்லோருக்கும் முழுசாகத் தீரவில்லை, பத்தில் நாலைந்து பேருக்குத்தான் மெஷினே வேண்டாம் என்கிற நிலைக்குப் பக்கத்தில் வந்தது. அதனால் மறுபடி வயர் ஒட்டிப் பார்க்காமல் மெஷினை விற்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பெரியப்பா மெஷினைப் பற்றி ஒலக்கூரில் இரண்டு பேரிடம் விலை பேசிவிட்டார் என்பது டாக்டருக்குத் தெரியாது. செமாகுளுட்டைடின் காப்புரிமைக் கெடு 2026 மார்ச்சோடு முடிகிறது, நம் ஊர்க் கம்பெனிகளே செய்து விலையை இறக்கும் என்று மகன் சொன்னதிலிருந்து, நெல் விலை கேட்கிற மாதிரி ஊசி விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பெரியப்பா 89 கிலோ. பஞ்சாயத்தில் விழித்திருந்து குறுக்குக் கேள்வி கேட்கிறாராம். அவர் தூங்கின காலமே நிம்மதி என்று சிலர் சொல்கிறார்கள். பனி என்று எல்லோரும் கூடத்தில்தான் படுத்தோம். அவர் குறட்டை இருந்தது, ஆனால் அடக்கமாக, ஒரே சீராக, கதவிடுக்கில் காற்று வருகிற மாதிரி. கூட்ஸ் வண்டி போனது தெளிவாகக் கேட்டது.

இரண்டு மணி இருக்கும். விழிப்பு வந்தது. பழைய கச்சேரி. ஆலாபனை, ஏற்றம், ஏற்றம், சட்டென்று ஒரு நிறுத்தம். ஆனால் சுருதி வேறு, மெல்லிசாக, விசில் கலந்து. திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கையில் பனையோலை விசிறி. பக்கத்தில் 44 கிலோ பெரியம்மா வாய் திறந்தபடி, 34 வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த தூக்கத்தில்.

“பன்னெண்டு... பதிமூணு...” என்று எண்ணிக்கொண்டே விசிறிக்காம்பை அவள் விலாப்பக்கம் கொண்டுபோனார். நிறுத்தினார். வேறு இடம் பார்த்தார். மறுபடி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, கிசுகிசுப்பாக, கொஞ்சம் பதறிப்போய்க் கேட்டார்:

“எங்கடா குத்துறது? எங்க பாத்தாலும் எலும்பா இருக்கே.”